கூரைத் தீயும் சரக்குத் தீயும்: கீழவாஞ்சூர்க் கரையின் தீயணைப்பு வரலாறு

காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், நாகூரை ஒட்டிக் கடற்கரையோரமாக அமைந்துள்ள கீழவாஞ்சூர், நிலத்தின் இயல்பால் காவிரிக் கழிமுகத்துக்கும் ஆட்சி முறையால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கும் உரிய ஊராகும். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காரைக்கால் மாவட்டத்தைக் கிழக்கே கடலும் ஏனைய மூன்று திசைகளிலும் தமிழ்நாடும் சூழ்ந்திருப்பதால், கீழவாஞ்சூரிலிருந்து தெற்கே சிறிது தொலைவு நடந்தாலே அரசு மாறிவிடும். வடக்கே காரைக்கால் நகரமும் தெற்கே நாகப்பட்டினமும் இவ்வூருக்கு ஏறத்தாழச் சமதொலைவில் உள்ளன. ஒரு வீடு தீப்பற்றினால் வண்டி வரக்கூடிய இரு நகரங்களும் இவையே, ஆனால் அவ்விரு வண்டிகளும் இரு வேறு அரசுகளுக்குச் சொந்தமானவை. இக்கரையின் தீயணைப்பு வரலாற்றை ஆராயப் புகுவோர் இந்த எல்லைக்கோட்டோடு இன்னொரு கோட்டையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. அது கூரைக்கும் சரக்குக்கும் இடையே ஓடுவது. நெருப்பால் மிகுதியாக இழந்தவர்கள் கீற்றுக் கூரையின் கீழ் வாழ்ந்தவர்களே எனினும், தீயணைப்புப் படை என்னும் நிறுவனம் தோன்றியதும் வளர்ந்ததும் பெரும்பாலும் கிடங்குகளையும் கப்பல்களையும் காப்பதற்காகத்தான்.

கழிமுகக் கடற்கரையில் வீடு கட்டுவதற்கான பொருள்களை நிலமே வரையறுத்தது. கல் கிடைக்காத இம்மண்ணில் செல்வர்கள் செங்கல்லும் நாட்டு ஓடும் கொண்டு கட்டினர். மற்றவர்கள் மண் சுவரின்மேல் மூங்கிலையோ பனங்கழிகளையோ பரப்பி, அதன்மேல் கூரை வேய்ந்தனர். தென்னை மட்டையைப் பிளந்து ஊறவைத்து முடையப்படும் கீற்று, கடலோர ஊர்களில் மிகப் பரவலான கூரைப்பொருளாக இருந்தது. உள்நாட்டு வயல்பகுதிகளில் வைக்கோலும், பனை மிகுந்த இடங்களில் ஓலையும் அதன் இடத்தைப் பிடித்தன. கீற்று வெயிலைத் தடுக்கும், மழையை வடிக்கும், விலை குறைவு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். எனினும், கோடையில் நன்கு காய்ந்த கீற்றுக்கும் விறகுக்கும் நெருப்பைப் பொறுத்தவரை வேறுபாடு ஏதுமில்லை. மீனவக் குடியிருப்புகளில் வீடுகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கியிருந்தன. கடற்கரைக் காற்றோ ஓயாதது. விறகடுப்பின் பொறியோ, மண்ணெண்ணெய்ச் சிம்னி விளக்கின் சுடரோ ஒரு கூரையைப் பற்றினால், காற்று வீசும் திசையில் இருக்கும் வரிசை முழுவதும் எரிந்துபோவதற்கு நெடுநேரம் ஆவதில்லை. கீற்றுக் கூரையின் தீ பக்கவாட்டில் மட்டும் பரவுவதன்று. எரியும் ஓலைத் துண்டுகள் காற்றில் எழும்பிப் பறந்து, இடையிலுள்ள தெருவைத் தாண்டி அடுத்த வரிசையில் விழுந்து அங்கேயும் பற்றவைக்கும். பங்குனி தொடங்கி ஆடிக் காற்று அடங்கும்வரை உள்ள மாதங்கள் இதனால் அச்சத்துக்குரிய மாதங்களாக இருந்தன.

இத்தகைய தீயை ஊரார் அணைத்த முறையில் தண்ணீருக்கு இருந்த பங்கு, இன்று நினைப்பதைவிடக் குறைவானது. குளத்திலிருந்து குடத்தில் மொண்டு கைமாற்றி வரும் நீரால் ஒரு கூரையின் தொடக்கத் தீயை அணைக்கலாமேயன்றி, பரவிய தீயை நிறுத்த இயலாது. பரவும் தீக்கு எதிரே இருந்த ஒரே வழி, அதற்கு இரை இல்லாமல் செய்வது: துறட்டியாலும் கொக்கியாலும் அடுத்த வீட்டுக் கீற்றைப் பிய்த்து இழுத்துத் தரையில் போடுவது, தாங்கு கழிகளை வெட்டிச் சாய்ப்பது, எஞ்சிய கூரைகளின்மேல் ஆட்கள் ஏறி ஈரச் சாக்கை விரிப்பது, கடற்கரை மணலை அள்ளி வீசுவது. இதில் ஒரு சமூக நெருக்கடி அடங்கியிருந்தது. எரியாத வீட்டை இடிப்பதற்கு அவ்வீட்டாரின் இசைவு வேண்டும், அதுவும் நொடிப்பொழுதில் வேண்டும். அதைப் பெறும் அதிகாரம் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு இருந்த இடங்களில் தெரு பிழைத்தது. இல்லாத இடங்களில் வாக்குவாதம் முடிவதற்குள் தீ முடிவு சொல்லிவிடும்.

இம்முறை கடற்கரைச் சிற்றூர்களுக்கு மட்டும் உரியதன்று. கௌடிலியரின் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம், நகரத்தை நிர்வகிக்கும் நாகரகன் என்னும் அதிகாரியின் கடமைகளைக் கூறும் இடத்தில் தீக்காப்புக்குக் கணிசமான இடம் ஒதுக்குகிறது. கோடையில் நண்பகலையொட்டிய பொழுதில் வீட்டுக்குள் அடுப்பு மூட்டலாகாது என்றும், ஒவ்வொரு வீட்டிலும் நீர்க்குடங்கள், ஏணி, கோடரி, முறம், கூரையைப் பிடித்திழுக்கும் கொக்கிகள், தோல்பை ஆகியவை இருத்தல் வேண்டும் என்றும், தெருக்களிலும் நாற்சந்திகளிலும் நீர் நிறைந்த கலங்களை வரிசையாக வைக்க வேண்டும் என்றும், எரியும் வீட்டைக் காக்க ஓடிவராத வீட்டுச் சொந்தக்காரருக்கு 12 பணமும் குடியிருப்பவருக்கு 6 பணமும் தண்டம் என்றும் அது விதிக்கிறது. அந்தப் பட்டியலில் நீர்க்கலங்களுக்கு இணையாகக் கொக்கியும் கோடரியும் இடம்பெறுவது, தீயை அணைப்பதைவிடத் தீக்கு இரையை நீக்குவதே பழைய கலை என்பதை உணர்த்தும். பல நூற்றாண்டுகள் கண்ணில் படாதிருந்த அந்நூலின் ஓலைச்சுவடி, மைசூர்க் கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவரால் அளிக்கப்பட்டு, ஆர். சாமசாஸ்திரியால் 1905ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு, 1909இல் அச்சேறியது. தீக்காப்புச் சட்டத்தின் மிகப் பழைய இந்தியச் சான்றுகளுள் ஒன்று, கீற்றுக் கூரைகள் மிகுந்த இதே கழிமுகத்தின் ஏதோ ஒரு பரணில் தீக்கும் கறையானுக்கும் தப்பிக் கிடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கீழவாஞ்சூரை அடுத்துள்ள திருமலைராயன்பட்டினத்துக்கும் நெருப்புக்கும் இலக்கிய மரபிலும் ஒரு தொடர்பு உண்டு. காளமேகப் புலவர் இவ்வூரில் யமகண்டம் பாடினார் என்பது வழிவழியாக வரும் கதை. யமகண்டமாவது, எரியும் குழிக்கு மேலே தொங்கும் உறியில் அமர்ந்து, எதிரிகள் இடும் நிபந்தனைகளுக்கு ஏற்ப உடனுக்குடன் பாடும் சோதனை. அவமதிக்கப்பட்ட புலவர் வசைபாட, ஊர் மண்மாரியில் புதையுண்டது என்று கதை முடிகிறது. கதையை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும், இக்கரையினர் தம் ஊருக்குக் கற்பித்துக்கொண்ட அழிவு நெருப்பால் வராமல் மண்ணால் வந்ததாக அமைந்திருப்பது, அவர்கள் எதை ஊரழிவு எனக் கருதினர் என்பதைக் காட்டுகிறது. குடிசை எரிவது அவர்களுக்கு ஊரழிவாகத் தோன்றவில்லை. அது ஆண்டுதோறும் எங்கேனும் நிகழும் செய்தி, அடுத்த மாதம் மீண்டும் வேயப்படும் கூரை.

நெருப்பை அணைப்பதற்கென்றே ஊதியம் பெறும் படை என்னும் கருத்து, வணிகமும் பொருளும் திரண்ட நகரங்களில் உருவானது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு இலண்டனில் தோன்றிய காப்பீட்டு நிறுவனங்கள், தாம் ஈடுகொடுக்க வேண்டிய கட்டடங்களைக் காப்பாற்றத் தாமே தீயணைப்பாளர்களை அமர்த்தின. காப்பீடு பெற்ற வீட்டின் சுவரில் அந்நிறுவனத்தின் உலோக முத்திரை பதிக்கப்பட்டது. பாரிசில் 1810ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ஆஸ்திரியத் தூதர் அளித்த விருந்தின்போது நடன மண்டபம் எரிந்து பலர் மாண்டனர். விருந்தினராக வந்திருந்த நெப்போலியன், நகரத் தீயணைப்பாளரின் திறமின்மையைக் கண்டு, 1811ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் ஆணையால் அப்பணியை இராணுவ ஒழுங்குள்ள படையாக மாற்றினார். இந்தியாவில் பம்பாயில் 1803இலும், கல்கத்தாவில் 1822இலும், டெல்லியில் 1867இலும், சென்னையில் 1908இலும் முறையான தீயணைப்புச் சேவை தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. நான்கில் மூன்று துறைமுக நகரங்கள் என்பதும், முதலிரண்டும் பஞ்சும் சணலும் குவிந்த நகரங்கள் என்பதும் தற்செயலல்ல. சென்னை பிற இரண்டு துறைமுகங்களுக்கும் மிகப் பின்னால் வந்தது. அந்நகரின் குடிசைப் பகுதிகளில் 1908க்கு முன்பு தீ பற்றாமல் இருந்ததுதான் அத்தாமதத்துக்குக் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

காரைக்கால் இவ்வரலாற்றில் வேறொரு சட்ட மரபைச் சேர்ந்தது. 1739ஆம் ஆண்டு தஞ்சை அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர்களால் பெறப்பட்ட இப்பகுதி, ஆங்கிலேயருடனான போர்களில் பலமுறை கைமாறி, 1817இல் நிலையாகப் பிரெஞ்சு ஆட்சிக்குத் திரும்பியது. 1880ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஆணை பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன் என்னும் உள்ளாட்சி அலகை அறிமுகப்படுத்தியது; நகரமோ சிற்றூர்த் தொகுதியோ எதுவாயினும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும், புதுவைத் தமிழில் ‘மேர்’ எனப்பட்ட தலைவரும் அதற்கு உண்டு. பிரான்சில் 1884ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம், தீ, வெள்ளம், கொள்ளைநோய் முதலான பேரிடர்களைத் தடுப்பதையும் அவை நேரும்போது உதவி அளிப்பதையும் மேரின் கடமைகளுள் ஒன்றாக வகுத்தது. தீயை வெள்ளத்தோடும் நோயோடும் ஒரே வரியில் வைத்து உள்ளூர்த் தலைவரின் தோளில் சுமத்திய இந்தச் சிந்தனையில், பின்னாளில் ‘மீட்பு’ எனப்பட்ட பணியின் வித்து இருக்கிறது. ஆனால் கடமை சட்டத்தில் இருப்பதும் பம்பு கொட்டகையில் இருப்பதும் வேறு வேறு. கழிமுகத்துச் சிற்றூர்களில், பிரெஞ்சு எல்லைக்குள்ளும் ஆங்கிலேய எல்லைக்குள்ளும் ஒன்றுபோலவே, கூரைத் தீயை அணைத்தவை குளமும் குடமும் துறட்டியுமே.

இந்தியத் தீயணைப்பை நகரத்து ஏற்பாடு என்னும் நிலையிலிருந்து நாடு தழுவிய அக்கறையாக மாற்றியது இரண்டாம் உலகப் போர். வான்தாக்குதல் அச்சத்தால் இழுவைப் பம்புகளும் துணைப்படைகளும் பல நகரங்களில் பெருகின. அக்காலத்தின் பேரிழப்பு குண்டுவீச்சால் நேராமல் சரக்கேற்றத்தால் நேர்ந்தது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பம்பாயின் விக்டோரியா கப்பல் துறையில், சுமார் 1,400 டன் வெடிபொருளையும் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும் ஒரே உடலில் ஏற்றியிருந்த ‘ஃபோர்ட் ஸ்டைக்கின்’ என்னும் கப்பலில் தீப்பற்றியது. கப்பலை ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்வதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்னும் முடிவு பலருடைய அதிகாரங்களுக்கு இடையே தடுமாறிக்கொண்டிருக்க, நீர்க்குழாய்களைப் பிடித்து நின்ற தீயணைப்பு வீரர்களுள் 66 பேர் மாலை நான்கு மணியளவில் நிகழ்ந்த வெடிப்பில் மாண்டனர். ஏப்ரல் 14 நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாகவும், அதைத் தொடர்ந்துவரும் ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகவும் கடைப்பிடிக்கப்படுவது அவர்கள் நினைவாகத்தான். சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைக்கப்படுவதன் பின்னணியில் ஒரு துறைமுக விபத்து இருக்கிறது என்பதை, பின்னாளில் துறைமுகம் வந்துசேர்ந்த ஊரைப் பற்றிப் பேசும்போது மறக்க இயலாது.

1954ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று காரைக்கால் நடைமுறையில் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. பிரான்சுடனான 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம் 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி நிறைவேறி, 1963 ஜூலை முதல் காரைக்கால் ஒன்றியப் பிரதேசத்தின் பகுதியாயிற்று. கொம்யூன் என்னும் சொல் மட்டும் போகவில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொம்யூன் பஞ்சாயத்து என்று நிலைநிறுத்தியது. ஆனால் மேரிடம் இருந்த பொறுப்பு மெல்ல மெல்ல மேலே நகர்ந்து, தீயணைப்பு என்பது புதுச்சேரி அரசின் துறையாகவும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு அரசின் துறையாகவும் ஆகிவிட்டது. உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் புதுச்சேரியில் மீண்டும் நடந்தது என்பதை எண்ணினால், கொம்யூன் இப்பொறுப்பைத் தக்கவைத்துக்கொள்ளும் நிலையில் இல்லை என்பது புரியும். அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாகத் தீயணைப்பைக் குறிப்பிடுகிறது. அதே காலத்தில் ஊராட்சிகளுக்காக வந்த பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் மீன்வளம் உண்டு, நூலகம் உண்டு, எரிபொருளும் தீவனமும்கூட உண்டு, தீயணைப்பு இல்லை. தீ நகரத்தின் சிக்கல் என்னும் பழைய எண்ணம் அரசமைப்பிலேயே இடம்பெற்றுவிட்டது எனலாம். எரிந்த கூரைகளின் எண்ணிக்கை அதற்கு நேர்மாறாக இருந்தது.

கூரைத் தீயைக் கழிமுகத்தில் விபத்தாக மட்டும் பார்க்கவும் இயலாது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சைப் பகுதியின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். ஓலைக் கூரையின் கீழ் யார் வாழ்ந்தனர், எதனால் வாழ்ந்தனர் என்பதைக் கூறாமல் இந்நிலத்தின் தீயைப் பற்றிய எந்த வரலாறும் முழுமை பெறாது. தெருவுக்குத் தெரு ஓடும் காரையும் ஓலையுமாகப் பிரிந்துகிடந்த ஊர்களில் நெருப்பு எங்கு செல்லும் என்பதைச் சாதி முன்பே வரைந்து வைத்திருந்தது.

அரசுகளின் கவனம் கூரையின்மேல் திரும்பியது, எரிந்தவை வீடுகளாக இல்லாமல் பொது இடங்களாக இருந்தபோதுதான். 1997ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் பற்றி 48 பேர் இறந்தனர். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்றின் கொட்டகை எரிந்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். 2004 ஜனவரியில் திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் மாடிப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையின் கீற்றுக் கூரையில் தொடங்கிய தீ மாடி வகுப்பறைகளின் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. நான்கிலும் எரிந்தவை கீற்றும் ஓலையும் மூங்கிலுமே. கும்பகோணத்துக்குப் பின் பள்ளிக் கூரைகள் அகற்றப்பட்டன. 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் தீப்பாதுகாப்பைக் குழந்தைகளின் கல்வி உரிமையோடு இணைத்துத் தீர்ப்பளித்தது. பல நூற்றாண்டுகளாகக் குடிசைகளில் ‘இயல்பாக’ நிகழ்ந்துவந்த ஒன்று, பள்ளியில் நிகழ்ந்தபோதுதான் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. இதைக் குறையாகச் சொல்வதா, எங்கேனும் ஓரிடத்தில் தொடங்கியதே என ஆறுதல் கொள்வதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம்.

கும்பகோணத் தீ நிகழ்ந்த 2004ஆம் ஆண்டின் இறுதியில், டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் உயிரிழப்பில் பெரும்பகுதி காரைக்கால் மீனவ ஊர்களுடையது. முதல் மணிநேரங்களில் உடல்களைத் தூக்கியவர்களும் காயமுற்றோரைச் சுமந்தவர்களும் பெரும்பாலும் பிழைத்த மீனவரும் அக்கம்பக்கத்து ஊராரும், நாகூர் முதலிய இடங்களின் தன்னார்வலருமே. தீயணைப்புத் துறை என்பது தீயை மட்டும் அணைப்பது என்னும் வரையறை இதன்பின் நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பிரிவு நிலைகொண்டது. கடலோர நிலையங்களுக்கு ரப்பர் படகும், மரம் அறுக்கும் எந்திரமும் தண்ணீர்க் குழாய்க்கு நிகரான கருவிகளாயின. 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயலுக்குப் பின்னான நாள்களில் தீயணைப்பு வீரரின் முதன்மைக் கருவி அறுவை எந்திரமாகவே இருந்தது. அன்றாடப் பணியிலும் இதுவே நிலை: கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, ஆற்றில் மூழ்கியவரைத் தேடுதல் ஆகியவற்றுக்காக வண்டி கிளம்பும் நாள்கள் பல. ‘அணைத்தல்’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குத் தீயை அவித்தல், தழுவிக்கொள்ளுதல் என்னும் இரு பொருளும் இருப்பது, துறைக்குப் பெயரிட்டவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியாவிட்டாலும், இப்பணிக்குப் பொருந்தித்தான் இருக்கிறது.

பேரலைக்குப் பிந்திய மறுகுடியமர்வு, மீனவ ஊர்களின் கூரையைப் பெருமளவு கான்கிரீட்டாக மாற்றியது. கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு பிடித்தது. கூரைத் தீயின் காலம் இக்கரையில் மெல்ல முடிவை நெருங்கிய அதே ஆண்டுகளில், சரக்குத் தீயின் காலம் வந்துசேர்ந்தது. 2006இல் புதுச்சேரி அரசுடன் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி கீழவாஞ்சூரில் கட்டப்பட்ட காரைக்கால் துறைமுகம் 2009இல் இயங்கத் தொடங்கியது; 2023இல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. அதன் முதன்மைச் சரக்கு நிலக்கரி. நிலக்கரி குவியலாகக் கிடக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து வெப்பத்தை வெளியிடும். அவ்வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கினால், யாரும் கொள்ளி வைக்காமலே குவியல் தானாகப் புகையத் தொடங்கும். இதற்குத் ‘தானெரிதல்’ என்று பெயர். பாடநூல் சொல்வது புதிது எனினும், கழிமுகத்து உழவருக்குச் செய்தி பழையது. ஈரம் காயாத வைக்கோலைப் போராக அடுக்கினால் அது உள்ளுக்குள் சூடேறிக் கருகும், சில வேளை பற்றியும் எரியும் என்பதை அறியாத உழவர் இல்லை. வைக்கோலில் முதற்சூடு நுண்ணுயிர்களால் பிறக்கிறது, நிலக்கரியில் ஆக்சிஜனேற்றத்தால் பிறக்கிறது; அதன்பின் இரண்டின் கதையும் ஒன்றே. தீர்வும் ஒன்றே: போரைப் பிரித்து ஆறவிடுவதைப் போலக் குவியலைத் தோண்டிப் பரப்பி ஆறவிடுவது, அல்லது காற்றுப் புகாதபடி உருளைகளால் அழுத்தி இறுக்குவது. மேலே தண்ணீரைப் பீய்ச்சுவதால் மட்டும் உள்தீ அடங்காது. நீர் வழிந்த தடங்கள் காற்றுக்குப் புதிய வாயில்களாவதும் உண்டு. கொக்கியும் துறட்டியும் செய்த வேலையை, அதாவது இரையைப் பிரித்தெடுக்கும் வேலையை, இங்கு மண்வாரி எந்திரம் செய்கிறது. நாகூர் மக்கள் நிலக்கரித் தூசியை எதிர்த்து எழுப்பிய குரல் நலவாழ்வைப் பற்றியதாயினும், தூசியை அடக்க நீர் தெளிப்பதும் குவியலின் உயரத்தைக் குறைப்பதும் தீக்காப்புக்கும் உரிய வழிகளே.

நிலக்கரி மட்டுமன்று. திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம். மேலவாஞ்சூரில் குளோரின் சார்ந்த வேதிப்பொருள் ஆலை. எல்லைக்கு அப்பால் பனங்குடியில் 1993இல் தொடங்கிப் பின்னாளில் இயக்கம் நிறுத்தப்பட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம். மாவட்டமெங்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும். 2023 மார்ச்சில் நாகூர்ப் பட்டினச்சேரிக் கடலோரத்தில் கச்சா எண்ணெய்க் குழாயில் ஏற்பட்ட கசிவு, அடுப்பிலிருந்து கூரைக்குத் தாவும் தீயை மட்டும் அறிந்த கரையில் இனி அஞ்ச வேண்டியவை எவை என்பதைக் காட்டியது. எண்ணெயை நீர் அணைக்காது, நுரை வேண்டும். குளோரினோ எரிவதே இல்லை, ஆனால் மூச்சைப் பறிக்கும், அதற்கு மூச்சுக்கருவியும் காற்றின் திசையறிவும் வேண்டும். போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் வந்த 1989ஆம் ஆண்டு விதிகள், ஆலைக்குள்ளான அவசரத் திட்டத்தை ஆலை நடத்துவோரின் பொறுப்பாகவும், ஆலைக்கு வெளியே மக்களைக் காக்கும் திட்டத்தை மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவும் பிரித்தன. காகிதத்தில் இப்பிரிவினை தெளிவானது. மேலவாஞ்சூரில் கசியும் வாயு தென்திசை நோக்கி நகர்ந்தால், வெளியே என்பது வேறொரு மாவட்டமும் வேறொரு மாநிலமும் ஆகிவிடும் என்பதுதான் இவ்விடத்துக்குரிய சிக்கல்.

எத்தனை வண்டி வேண்டும் என்னும் கேள்விக்கு, 1955இல் நடுவண் அரசு அமைத்த நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு மக்கள்தொகையை அளவுகோலாக்கி விடை சொன்னது: மூன்று லட்சம் வரையுள்ள இடங்களில் ஒவ்வொரு 50,000 பேருக்கும் ஒரு பம்பு. காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 1,70,791 ஆகவும் 2011இல் 2,00,222 ஆகவும் இருந்தது. அக்கணக்கின்படி நான்கு பம்புகள் போதும். ஆனால் நிலக்கரிக் குவியல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெறுவதில்லை. 2023இல் நடுவண் அரசு தொடங்கிய 5,000 கோடி ரூபாய் தீயணைப்பு நவீனமயத் திட்டமும் நிதி ஆணையத்தின் வழியே மாநிலங்களுக்காக வகுக்கப்பட்டது; சட்டமன்றம் இருந்தும் மாநிலமல்லாத புதுச்சேரியோ நிதி ஆணையத்தின் வரம்புக்கு வெளியே நிற்கிறது. வாஞ்சூர்ச் சோதனைச்சாவடிக்கு இப்பால் மதுவும் பெட்ரோலும் விலை குறைவு என்பதை எல்லைக்கு அப்பாலுள்ளவர்கள் நன்கறிவர். எல்லை ஒரு திசையில் மட்டும் மலிவைத் தருவதில்லை என்பதைத் தீயணைப்புக் கணக்கில்தான் காணமுடியும்.

நடைமுறையில் தீ எல்லை பார்ப்பதில்லை. பெரிய விபத்துகளில் அண்டை மாநில வண்டிகள் துணைக்கு அழைக்கப்படுவது வழக்கமே. நாகூர் தர்காவின் கந்தூரி விழா வாணவேடிக்கைக்கும், கழிமுகத்து அம்மன் கோயில்களின் தீமிதிக்கும் தீயணைப்பு வண்டி ஓரமாக நிற்பதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் தீப்பற்றிய முதல் நிமிடங்களில் வேண்டியது அயலாரின் நல்லெண்ணத்துக்கும் முன்னதான ஒன்று, சரியான முகவரி. கீழவாஞ்சூர் உண்டு, மேலவாஞ்சூர் உண்டு. பட்டினச்சேரி என்னும் பெயரில் நாகூரிலும் ஒரு மீனவர் குடியிருப்பு இருக்கிறது, திருமலைராயன்பட்டினத்திலும் ஒன்று இருக்கிறது. பதற்றத்தில் அழைப்பவர் ‘பட்டினச்சேரியில் படகு எரிகிறது’ என்று மட்டும் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் வண்டியைக் கிளப்புமுன் கேட்க வேண்டிய கேள்வி, எந்த அரசின் பட்டினச்சேரி என்பது.